பரண் மேலே ஒரு கஞ்சிரா

நவராத்திரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எதிர் வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கோ இந்த வயதிலும் ஏணி ஏறும் தைரியம் இருக்கிறது என்பது எங்கள் தெரு முழுவதும் அறிந்த விஷயம். ஏறினேன். தசாவதாரப் பெட்டி, செட்டியார் பொம்மைப் பெட்டி, மரப்பாச்சிகளைச் சுற்றி வைத்த பழம் புடவை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவள், மூலையில் ஒரு துணிப் பையைப் பார்த்தேன். கனமே இல்லை. தொட்டவுடன் உள்ளேயிருந்து 'சலங்' என்று ஒரு சத்தம்.

"இது என்ன, கொலுவுக்குப் புதுசா ஏதாவது வாங்கியிருக்கியா?" என்று கேட்டேன்.

கீழே நின்றவளின் முகம் மாறிவிட்டது. "அதை அங்கேயே வெச்சிடுங்கக்கா. அவளோட கஞ்சிரா" என்றாள்.

'அவள்' என்றது அவள் மகளை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். மூன்று வருஷமாகக் கஞ்சிரா கற்றுக்கொள்கிறாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் வாசிப்பைக் கேட்டுத்தான் நான் அடுப்பில் காபிக்குப் பால் வைப்பது வழக்கம். இரண்டு மாதமாக அந்தச் சத்தம் இல்லை. பரீட்சையோ என்னவோ என்று நினைத்திருந்தேன்.

பரீட்சை இல்லை. ஆடி மாதத்தில் ஒரு கோயில் கச்சேரிக்கு அவளை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டுப் பாவாடை, கனகாம்பரம், கையில் கஞ்சிரா என்று போனாள். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர், "பெண் குழந்தை பக்கத்திலே உட்கார்ந்தா எனக்குக் கை ஓடாது" என்று சொல்லிவிட்டார். சண்டையாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னாராம். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்றார்களாம். பட்டுப் பாவாடை கலையாமல் வீட்டுக்குத் திரும்பிய பெண், அன்று ராத்திரியே ஏணி போட்டுக் கஞ்சிராவைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

"அழவும் இல்லக்கா. அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நீங்கதான் திருச்சி ரேடியோக் காலத்திலேர்ந்து கச்சேரி கேக்கறவங்க. யாரோடதையாவது போட்டுக் கேக்கச் சொல்லுங்களேன். மனசு மாறுதான்னு பார்ப்போம்" என்றாள் தாயார்.

நான் வித்வாம்சினி அல்ல. தாளம் போடும்போது நடுவில் ஒரு விரல் விட்டுப் போனாலும் போகும். ஆனால் கேட்பதில் எனக்கு அறுபது வருஷத்து அநுபவம் உண்டு. யாரைக் கேட்கச் சொல்லலாம் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். அந்த யோசனையும், பிறகு அந்தப் பெண்ணோடு நடந்த சம்பாஷணையுந்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பரணில் ஏதாவது ஒரு வாத்தியம் இருக்கக் கூடும்.

மறு நாள் பெண்ணே வந்தாள், சுண்டல் கிண்ணத்தோடு. உட்காரச் சொன்னேன்.

"கஞ்சிரா எந்த ஊர் வாத்தியம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"நம்ம ஊருதான். டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள், 'இதைக் கேட்கவா கூப்பிட்டீர்கள்' என்ற தோரணையில்.

"யார் செஞ்சதுன்னு சொன்னாங்களா?"

"மான்பூண்டியா பிள்ளை."

சரிதான். ஆனால் பெயரைத் தெரிந்துகொள்வது வேறு, மனிதரைத் தெரிந்துகொள்வது வேறு அல்லவா? மான்பூண்டியா பிள்ளை 1859-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். புதுக்கோட்டை அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. சாயங்காலம் ஆனால் எண்ணெயும் திரியுமாக அறை அறையாகப் போக வேண்டும். இப்படிப்பட்ட மனிதருக்குச் சங்கீத மேடையில் யார் இடம் வைத்திருப்பார்கள்? தவில் வித்வான் ஒருவரிடம் லயம் கற்றார் என்பார்கள். அவர் கையில் எடுத்த வாத்தியமோ, பஜனைக் கோஷ்டியிலும் தெருவில் பாடிப் போகிறவர்களிடமும் இருந்த சின்னத் தோல் வளையம். மிருதங்கம் இருக்கிற மேடையில் அதைக் கொண்டு வந்து வைத்தால், விருந்துப் பந்தியில் திருவோட்டை வைத்த மாதிரி பார்த்திருப்பார்கள்.

அந்த வளையத்தைத்தான் அவர் திருத்தி அமைத்தார். பலா மரத்தில் ஒரு சாண் அகலத்துக்குள் ஒரு சட்டம். ஒரு பக்கம் மட்டும் தோல். சட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் வெட்டி, அதிலே இரண்டு மூன்று சின்னக் காசுகள். அவ்வளவுதான் வாத்தியம்! மிருதங்கத்துக்கு இரண்டு தலை, இரண்டு கை. கஞ்சிராவுக்கு ஒரு கைதான் வாசிக்கிற கை. மற்றக் கை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியும் மிருதங்கத்தின் சொற்கட்டு எல்லாவற்றையும் ஒரு கையாலேயே சொல்லிக் காட்டினார் மனிதர். விரல்களைப் பிரித்து மாற்றி மாற்றிப் போட்டால் வேகம் வரும் என்று கண்டுகொண்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கச்சேரி மேடையில் இல்லாத ஒரு வாத்தியம் நம் ஊரிலிருந்து புறப்பட்டுப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவர் வாசிச்சதைக் கேக்க முடியாதே, பெரியம்மா" என்றாள் பெண்.

கேட்க முடியாதுதான். ஆனால் அவர் சிஷ்யர்களின் வழியாக வந்ததைக் கேட்கலாம். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் சிங்கம். காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளை அந்தக் காலத்தில் 'ஃபுல் பெஞ்சு' என்பார்கள். பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள். பாட்டும் கணக்கும் மல்யுத்தம் போடும். அந்த பெஞ்சில் ஜட்ஜு மாதிரி உட்கார்ந்திருந்தவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பாலக்காடு மணி ஐயர் சின்னப் பையனாக மேடைக்கு வந்த நாட்களில் அவர் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசித்தவரும் இவரே. தம் வயதில் மூன்றில் ஒரு பங்கு வயதுப் பையனோடு சரிசமமாக உட்கார்ந்து வாசிக்கப் பெரிய மனசு வேண்டும். 'பக்கத்தில் உட்கார்ந்தால் கை ஓடாது' என்று அவர் சொல்லவில்லை. இதை நான் அழுத்தியே சொன்னேன். பெண் சுண்டலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனி, கேட்கக் கிடைக்கிறவர்கள். நான் முதலில் சொன்ன பெயர் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

இவருடைய தகப்பனார் முத்தையா பிள்ளையும் மான்பூண்டியா பிள்ளையின் சிஷ்யர்; தவிலிலும் மிருதங்கத்திலும் பேர் போனவர். மகன் 1908-ல் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு சங்கடத்தோடு பிறந்தார்: இடது கைப் பழக்கம். 'சோற்றுக் கையால் எடு' என்று நாம் குழந்தைகளின் கையைத் தட்டுவதில்லையா? அந்தத் தட்டல் இவருக்கு மிருதங்கத்திலும் விழுந்தது. இடது கையால் வாசிக்கிற பிள்ளை முன்னுக்கு வருவானா என்று தகப்பனாருக்கே ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்வார்கள்.

அதில் ஒரு நடைமுறைக் கஷ்டமும் இருந்தது. கச்சேரி மேடையைக் கண் முன்னால் கொண்டு வாருங்கள். பாடகருக்கு வலப் பக்கம் மிருதங்கம், இடப் பக்கம் பிடில். மிருதங்கக்காரரின் வலது கை வாசிக்கிற தலை, அதாவது 'வலந்தலை', சபையைப் பார்த்திருக்கும். அந்த நாதம் நேரே நம்மிடம் வரும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்க்கும். ஆகவே அவர் பிடில் இருக்கும் பக்கம் போக வேண்டும். பிடில்காரர் இந்தப் பக்கம் வர வேண்டும். வருவார்களா? எத்தனையோ பேருக்கு மனம் வரவில்லை. வாசிப்பில் ஒரு குறையும் இல்லாத ஒருவருக்கு உட்காருகிற இடத்தால் கச்சேரி தட்டிப் போயிற்று! செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்கள் இவருக்காக நின்றார்கள். அப்புறம் காலம் திரும்பியது. இவருக்காக மற்றவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

"அவருக்கும் இடம் இல்லேன்னுதான் சொன்னாங்களா?" என்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள் பெண்.

"இடம் இல்லேன்னு சொல்லலை. உன் கை சரியில்லேன்னு சொன்னாங்க" என்றேன்.

பழனியைக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நாம் எல்லோரும் செய்கிற தப்பு, மிருதங்கம் என்றால் தனி ஆவர்த்தனம் என்று நினைப்பது. (அதிலும் பாதிப் பேர் தனி ஆரம்பித்தால் காபி சாப்பிட எழுந்து போய்விடுவார்கள். நானும் என் சின்ன வயசில் அந்தக் கோஷ்டிதான். இப்போது பிராயச்சித்தமாகத் தனியின்போது அசைவதில்லை.) கற்றுக்கொள்கிறவர்கள் கேட்க வேண்டியது தனியை அல்ல, பாட்டுக்கு வாசிப்பதை. ஆலத்தூர் சகோதரர்கள் பாட, பழனி வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஜி.என்.பி.க்கு வாசித்தவையும் இருக்கின்றன. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை வெறுமே கேள். இரண்டாம் தடவை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு, தொப்பியை, அதாவது கனமான சத்தம் வருகிற பக்கத்தை, மட்டும் கவனி. அந்தக் 'கும்' என்ற சத்தம் உருண்டு வந்து சரியாக எங்கே நிற்கிறது பார். மூன்றாம் தடவை, அவர் எங்கெங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்று எண்ணு.

மூன்றாவதுதான் கஷ்டம். அதுதான் விஷயமும். சமையலில் உப்புப் போடுவது ஒரு வித்தை என்றால், போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வித்தை. பழனி கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். அவர் 1962-ல் மறைந்தார். ஐம்பத்து நாலு வயதுக்குள் இவ்வளவும்.

அவருடைய சிஷ்யர்கள் கடல் கடந்தும் போனார்கள். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதன் 1963-லிருந்து அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் மிருதங்கம் கற்பித்தார். திருச்சி சங்கரன், பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு கூடவே உட்கார்ந்து அரங்கேறியவர். 1971-லிருந்து கானடாவில் டொராண்டோ நகரத்தில் யார்க் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். 2011-ல் சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' பட்டம் பெற்றார். மிருதங்கமும் வாசிப்பார், கஞ்சிராவும் வாசிப்பார். நம் ஊர்ப் பாணி இன்றைக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிய வேண்டுமானால் சங்கரனைக் கேட்கலாம்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். பெண் சுண்டல் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்:

"எல்லாம் சரி, பெரியம்மா. இவங்க எல்லாம் ஆம்பிளைங்கதானே?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. உண்மைதானே? இடது கைக்காரருக்கு ஒரு நாள் இடம் கிடைத்தது. அவருடைய கஷ்டம் கையோடு போயிற்று. இவளுடைய கஷ்டம் அப்படியா?

அப்போது எனக்கு உதவிக்கு வந்தவன் அவள் அண்ணன். இஞ்சினீயரிங் படிக்கிற பையன். வீட்டில் ஓயாமல் கிட்டார் வாசிக்கிறான் என்பது அவன் தாயாரின் பெரும் புகார். தங்கையைத் தேடி வந்தவன், வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "இடது கைன்னு சொன்னீங்களே பெரியம்மா, லிப்பா காட்டன் தெரியுமா?" என்றான்.

எனக்குத் தெரியாது. அவன் தன் போனில் தேடி எடுத்துப் போட்டான். கறுப்பு வெள்ளைப் படம். நரைத்த தலை, கறுப்பு இனத்து மூதாட்டி, நம் வீட்டுப் பாட்டி மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். மடியில் கிட்டார், தலைகீழாக! வலது கைக்காரருக்காகத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து இடது கையால் மீட்டுகிறார். மற்றவர்கள் கட்டை விரலால் கனமான தந்தியையும் மற்ற விரல்களால் மெல்லிய தந்தியையும் வாசிப்பார்களாம். இவருக்கு எல்லாம் நேர் மாறு. ஆனால் காதில் விழுகிற சங்கீதத்தில் ஒரு கோணலும் இல்லை. ஓடை ஓடுகிற மாதிரி ஓடுகிறது.

எலிஸபெத் காட்டனின் கதையைப் பையன் சொல்லச் சொல்ல நான் அடுப்பை மறந்துவிட்டேன். அமெரிக்காவில் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் மூன்று டாலர் எழுபத்தைந்து சென்ட் கொடுத்து ஒரு கிட்டார் வாங்கினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தானே பழகிக்கொண்டார். பதினோரு பன்னிரண்டு வயதிலேயே சொந்தமாக ஒரு பாட்டும் கட்டினார். அப்புறம்? நமக்குத் தெரிந்த கதைதான். சின்ன வயதில் கல்யாணம், குழந்தை, மாதா கோயில், வீட்டு வேலை. கிட்டார் பரண் ஏறிவிட்டது. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? பல பத்து வருஷங்கள்!

வாஷிங்டன் நகரத்தில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, வழி தவறி நின்ற ஒரு குழந்தையைத் தாயாரிடம் கொண்டு சேர்த்தார். அந்தக் குடும்பம், ஸீகர் குடும்பம், சங்கீதத்திலேயே ஊறியது. அந்த வீட்டுக்கே சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் போனார். அங்கே சுவரில் ஒரு கிட்டார் தொங்கியது. ஒரு நாள் எடுத்து வாசித்தார். வீட்டார் திகைத்துப் போனார்கள். 1958-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, 1985-ல், 'கிராமி' பரிசு வாங்கினார். 1987-ல் காலமானார்.

"அறுபது வயசு வரைக்கும் பரண்லேயா?" என்று கேட்டாள் பெண். அவள் குரலில் ஏதோ ஒன்று இளகிற்று.

"அந்த அம்மாளுக்கு எடுத்து வைக்க ஒரு ஸீகர் வீடு கிடைச்சுது. உனக்கு ஏணி நான்தான்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனாலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடவும் இல்லை.

பையனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவன் சொன்ன இன்னொரு பெயர் மெம்பிஸ் மின்னி. இவர் 'புளூஸ்' என்ற சங்கீதத்தைச் சேர்ந்தவர். புளூஸ் என்றால் என்ன என்று எனக்கே விளக்க வேண்டியிருந்தது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென் பகுதியில், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பு மக்கள் தங்கள் துக்கத்தையும் பரிகாசத்தையும் பாடிய பாட்டு. கிட்டாரில் தந்தியை விரலால் இழுத்து வளைப்பார்கள். சிலர் பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்குவார்கள். ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் அழுகிற குரல் மாதிரி சரியும். கமகம் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

மின்னி 1897-ல் பிறந்தவர். 1929-லிருந்து இசைத்தட்டுக் கொடுத்தவர். பிக் பில் புரூன்ஸி என்று ஒரு பெரிய கிட்டார்காரர். சிக்காகோவில் தமக்கும் மின்னிக்கும் ஒரு போட்டி நடந்ததையும், அதில் மின்னியிடம் தாம் தோற்றதையும் தம் சுயசரிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பரிசு என்ன தெரியுமா? ஒரு புட்டி விஸ்கியும் ஒரு புட்டி ஜின்னும்! இந்தப் பகுதியைப் பெண்ணின் தாயாரிடம் சொல்ல வேண்டாம் என்று பையன் என்னைக் கேட்டுக்கொண்டான். பத்திரிகையில் எழுதமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

என்னைக் கேட்டால், மின்னியிடம் கேட்க வேண்டியது அவருடைய வேகத்தை அல்ல, பதற்றமில்லாத தாளத்தை. 'நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், உனக்குக் கை ஓடாவிட்டால் அது உன் பாடு' என்கிற மாதிரி ஒரு வாசிப்பு.

கிட்டாருக்கும் கஞ்சிராவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கஞ்சிராவைப் பிடித்திருக்கிறதே இடது கை, அது சும்மா பிடித்திருக்கவில்லை. அதன் விரல்கள் தோலை அழுத்தியும் தளர்த்தியும் நாதத்தை வளைக்கின்றன. தோலின் உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுருதி இறங்கிக் கனத்த நாதம் வரும். அந்தக் கனத்த நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும்போது அசல் அந்த பாட்டில் கழுத்து வித்தைதான்.

இது என் கற்பனை மட்டும் அல்ல. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் 1942-ல் பிறந்த ஜான் மக்லாஃப்லின் என்கிற பையன், மட்டி வாட்டர்ஸ், பிக் பில் புரூன்ஸி இவர்களுடைய புளூஸ் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் கிட்டார் பித்துப் பிடித்தான். தாயார் பிடில் வாசிப்பவர். அந்தப் பையன் பெரியவனாகி நம் சங்கீதத்தின் பக்கம் திரும்பி, விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஜாகிர் ஹுசேனின் தபலாவோடும் 'சக்தி' என்ற கோஷ்டி அமைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் அதில் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். 2024-ல் அந்தக் கோஷ்டிக்குக் கிராமி பரிசு கிடைத்தது. மிஸிஸிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து வந்த நாதமும் புதுக்கோட்டை அரண்மனைத் தாழ்வாரத்திலிருந்து வந்த நாதமும் ஒரே மேடையில் பேசிக்கொண்டன என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

செல்வகணேஷுக்குக் கஞ்சிராவில் வழி காட்டியவர் ஹரிசங்கர். 1958-ல் பிறந்து 2002-ல், நாற்பத்து மூன்றே வயதில் மறைந்துவிட்டார். ராமநாதபுரம் முருகபூபதியிடமும் பாலக்காடு மணி ஐயரிடமும் பயின்றவர். கஞ்சிரா கற்கிற யாருக்கும் ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்று என்னை நெருக்கினால் நான் ஹரிசங்கரைத்தான் சொல்லுவேன். பக்கத்து ஊர்க்காரர் காரைக்குடி மணியின் மிருதங்கத்தோடு அவர் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவுகள் பல இருக்கின்றன. மிருதங்கம் ஒன்று சொல்லும். கஞ்சிரா அதையே திருப்பிச் சொல்லும். சொல்லும்போது கடைசியில் ஒரு சின்னச் சிரிப்புச் சேர்த்துச் சொல்லும். ஒரு கைதான் வாசிக்கிறது என்பதை நம்ப முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, 'இன்னொருவர் கூட வாசிக்கிறார்' என்று ஒரு தடவை பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன்.

ஒரு விஷயம் நடுவில் சொல்லிவிட வேண்டும். பழைய கஞ்சிராக்களில் உடும்புத் தோல் போர்த்துவார்கள். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடும்பைப் பிடிப்பதே குற்றம். ஆகவே இப்போது ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்திருக்கின்றன. எதிர் வீட்டுப் பெண்ணிடம் இருப்பது ஆட்டுத் தோல். 'உடும்பு மாதிரி பேசாது' என்று குறை சொல்பவர்கள் உண்டு. பேசாத உடும்பை நினைத்தால் எனக்கு ஆட்டுத் தோலே போதும் என்று தோன்றுகிறது. அப்புறம் ஆட்டை நினைத்தால் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

நான் கடைசிக்கு வைத்திருந்தது வேறு ஒரு பெயர். மறு நாள் சாயங்காலம் பெண் தானாகவே வந்தபோது சொன்னேன்.

"நீ தினம் பஸ்ஸிலே திருக்கோகர்ணம் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போறே?"

"ஆமாம். மியூசியம் ஸ்டாப்."

"அந்தத் திருக்கோகர்ணத்திலே 1910-ல் ஒரு பெண் பிறந்தாள். பேர் ரங்கநாயகி. தட்சிணாமூர்த்திப் பிள்ளைகிட்டே மிருதங்கம் கத்துக்கிட்டாள். பொம்பிளை மிருதங்கம் வாசிக்கிறதுன்னு யாரும் கேள்விப்படாத காலம். முதல்லே வாசிச்ச பெண் அவங்கதான்னு சொல்றாங்க."

பெண் ஒன்றும் பேசவில்லை.

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய குருவின் ஞாபகமுந்தான் வருகிறது. ஊரே போற்றிய வித்வான். கேட்டு வந்த ஆண் பிள்ளைகளுக்குக் குறைவே இருந்திராது. அந்த மனிதர் ஒரு சிறுமியை உட்கார வைத்து 'தக திமி' சொல்லிக் கொடுத்தார். பிரகதாம்பாள் சந்நிதி இருக்கிற ஊரில், குடைந்த பாறைக் கோயில் நிழலில் அது நடந்திருக்கிறது. சென்னையிலோ பம்பாயிலோ அல்ல. நம் பஸ் நிற்கிற இடத்தில்.

சுகன்யா ராம்கோபாலைப் பற்றியும் சொன்னேன். மாயவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் விநாயக்ராமின் தகப்பனார் ஹரிஹர சர்மா நடத்திய பாடசாலைக்குப் பிடில் கற்கப் போனவருக்குப் பக்கத்து அறையில் கேட்ட தாள வாத்தியத்தின் மேல் ஆசை விழுந்தது. மிருதங்கம் கற்று, பிறகு கடம் வேண்டும் என்றார். பெண் விரலுக்குக் கடம் தாங்காது என்று விநாயக்ராமே தயங்கினார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வருஷத்தில் சுகன்யா விடாமல் பழகிக் காட்டினார். அப்புறமும் பெண் கடம் வாசித்தால் தாம் வாசிப்பதில்லை என்ற வித்வானைச் சந்தித்ததை அவரே சொல்லியிருக்கிறார். அவர் என்ன செய்தார்? கடங்களையே முன்னிறுத்திப் பெண்களைச் சேர்த்து 'ஸ்த்ரீ தால் தரங்' என்று ஒரு கோஷ்டி அமைத்துவிட்டார். வெவ்வேறு சுருதியில் ஆறேழு கடங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு அவர் வாசிப்பது ஒரு காட்சி. அந்தக் கோஷ்டியில் கஞ்சிரா வாசித்தவர் பெங்களூர் லதா ராமாசார். ஆந்திரப் பக்கத்தில் தண்டமூடி சுமதி மிருதங்கத்துக்காக 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தேடினால் ஒரு பந்தி நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். தேடும்படி நமக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அப்போ அந்த மாமா மறுபடியும் அப்படிச் சொன்னா?" என்று கேட்டாள் பெண்.

என்ன பதில் சொல்வது? சொல்லத்தான் சொல்லுவார். பழனிக்கு ஒரு செம்பை கிடைத்தார், எல்லாருக்கும் கிடைப்பாரா? "சொன்னா என்னைக் கூப்பிடு. முன் வரிசையிலே உட்கார்ந்து நானும் சிரிச்சுக்கிட்டே ஏதாவது சொல்றேன்" என்றேன். இந்தப் பதிலில் எனக்கே திருப்தி இல்லை. அவளுக்கும் இருந்திராது.

நவராத்திரி முடிந்து பொம்மைகளை மறுபடி பரணில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். தசாவதாரம் ஏறிற்று, செட்டியார் ஏறினார், மரப்பாச்சிகள் ஏறின. கஞ்சிராப் பை கீழே ஜன்னல் ஓரத்தில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தாயாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள் அறையில் அண்ணன் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சகிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் காபிக்குப் பால் வைத்தேன். எதிர் வீட்டிலிருந்து தாயாரின் குரல் தெரு முழுவதும் கேட்டது:

"சாமி ரூம்லே இருந்த தண்ணி டம்ளரை எங்கேடி கொண்டு போனே?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'கும்' என்று ஒரு சத்தம் உருண்டு வந்தது. தண்ணீர் சற்று அதிகமாகத் தெளித்துவிட்டாள் போலிருக்கிறது.